உதயப்பூர் ஏரிக்கரை ஓட்டமும் ஒரு நாய்க்கடியும்

உதயப்பூருக்கு ஓட்டக் காலணியோடு போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அங்கே பொழுது எப்போது விடிகிறது என்பதைத்தான். மதுரையில் தை மாதத்தில்கூட ஆறரை மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். உதயப்பூர் நாட்டின் மேற்குப் பக்கம் இருக்கிறது, ஆனால் கடிகாரம் நம்முடையதேதான். ஜனவரியில் அங்கே சூரியன் எட்டிப் பார்க்க ஏழேகால் ஆகும். ஊர்ப் பழக்கத்தில் ஐந்தரைக்கு எழுந்து காலணி மாட்டினால், ஒன்றரை மணி நேரத்துக்குக் கும்மிருட்டும் எட்டு டிகிரிக் குளிரும்தான். நான் விடுதியை விட்டு இறங்கியபோது வாசலில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்த காவலாளி கையை ஆட்டி நிறுத்திவிட்டார். "சாத் பஜே, மேடம், சாத் பஜே" என்று ஏழு விரலைக் காட்டினார். அப்புறம் இரண்டு கையையும் நாயின் வாய் மாதிரி திறந்து மூடிக் காட்டினார். சரி என்று திரும்பிப் படுத்துவிட்டேன். இதைச் சொல்வதற்குக் காரணம், நான் பிறகு கடி வாங்கியது இருட்டில் இல்லை, நல்ல வெயிலில். வெளிச்சம் வந்துவிட்டால் நாய்த் தொல்லை இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அலுவலகப் பயிற்சிக்காகப் போனேன். வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்தது, கூட வந்தவர்கள் கிளம்பினார்கள். நான் சனி, ஞாயிறு தங்கி ஞாயிறு மாலை விமானத்தில் திரும்புவதாக ஏற்பாடு. புது ஊரை ஓடிப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த விதம். ஆட்டோவில் போனால் ஊர் தெரியாது, நடந்தால் பாதிதான் முடியும். ஓடினால் இரண்டு மணி நேரத்தில் ஒரு ஊரின் உருவம் பிடிபட்டுவிடும்.

ஓடுகிறவர்களுக்கு உதயப்பூர் அமைப்பு அருமை. அங்கே இருக்கிற ஏரிகள் எல்லாம் மனிதர்கள் கட்டியவை. பிச்சோலாவை 14ஆம் நூற்றாண்டில் ஒரு பஞ்சாரா தானிய வணிகர் வெட்டினார் என்பார்கள். ஃபதேசாகரின் இப்போதைய கரை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மகாராணா ஃபதேசிங் கட்டியது. 'பால்' என்று அவர்கள் சொல்வது நம்ம ஊர் ஏரிக்கரைதான், மேலே தார் போட்டு, ஓரத்தில் கைப்பிடிச் சுவர் வைத்திருக்கிறார்கள். கரை மேல் ஓடும்வரை சமதளம். கரையை விட்டு இறங்கினால் எந்தப் பக்கம் போனாலும் மேடு. ஊரே கடல் மட்டத்துக்கு 600 மீட்டர் உயரத்தில், ஆரவல்லி மலைக்கு நடுவே இருக்கிறது.

சனிக்கிழமை ஓட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அது நன்றாக இருந்தது. ஜகதீஷ் கோயில் பக்கத்தில் தொடங்கி, கங்கௌர் படித்துறைக்கு இறங்கி, அங்கிருந்து பிச்சோலாவின் குறுகலான கழுத்துக்கு மேல் போகும் நடைபாலத்தைத் தாண்டி அக்கரை அனுமான் படித்துறைக்குப் போனேன். பழைய நகரத்துச் சந்துகளில் வேகத்தை மறந்துவிட வேண்டும். தரையில் பதித்த கல் தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது. கடைக்காரர்கள் காலையில் வாசல் கழுவிவிட்ட தண்ணீர் அதன் மேல் ஓடுகிறது. சந்தின் நடுவில் மாடு படுத்திருக்கும், அதைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டர் வரும். கைக்கடிகாரத்தின் ஜிபிஎஸ் அங்கே உளறுகிறது, நான் ஏரிக்குள்ளேயே இருநூறு மீட்டர் ஓடியதாகக் கணக்குக் காட்டியது. அக்கரையில் அம்ப்ராய் படித்துறையில் நின்றால் எதிரே அரண்மனை முழு நீளத்துக்கும் தெரியும். அங்கிருந்து சாந்த்போல் வழியாக ஸ்வரூப்சாகர் கரையைப் பிடித்து வடக்கே போனால் ஃபதேசாகர் வந்துவிடுகிறது. இந்த மூன்று ஏரிகளும் ஒன்றோடொன்று இணைந்தவை, தண்ணீரை விடாமல் போனால் வழி தப்பாது. ஃபதேசாகர் கரையில் காலையில் ஊரே நடக்கிறது. ஸ்வெட்டரும் காதுமூடியும் போட்ட தாத்தாக்கள் கூட்டமாக நின்று சிரிப்புப் பயிற்சி செய்கிறார்கள். ஏரி நடுவில் ஒரு தீவில் சூரிய ஆய்வுக்கூடம், வெள்ளையாக. சுற்றிலும் தண்ணீர் இருந்தால் தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றின் கலக்கம் குறையும், சூரியன் தெளிவாகத் தெரியும் என்பதால் அதை ஏரிக்குள் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார்கள். மேற்கே ராணி சாலையில் மரநிழல், ஆள் நடமாட்டம் குறைவு. காற்று வறட்சி, வியர்ப்பதே தெரியாது, தாகமும் தெரியாது. அறைக்குத் திரும்பியபோதுதான் உதடு வெடித்திருந்ததைக் கவனித்தேன். தண்ணீரைக் கையோடு எடுத்துப் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அதே ஃபதேசாகரைச் சுற்றி முடித்துவிட்டுக் கரையின் ஒரு முனையில் வந்துகொண்டிருந்தேன். மணி எட்டு ஆகியிருக்கும். குளிர்காலத்தில் நாய்கள் வெயில் காயத் தார்ச் சாலையில் வந்து படுக்கின்றன. அந்த முனையில் முதல் நாள் இரவு போட்ட தின்பண்டக் கடைகளின் எச்சில் தட்டுகள் குவிந்து கிடந்தன. நாலைந்து நாய்கள் படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு ஓட்டத்தை நிறுத்தி, எதிர்ப்பக்கத்துக்கு மாறி, நடந்துதான் வந்தேன். தட்டுக் குவியலுக்குப் பின்னால் குட்டிகள் இருந்தது சாலையிலிருந்து தெரியாது. தாய் நாய் குரைக்கவே இல்லை. பின்னால் வந்து வலது கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுப் போய்விட்டது. மொத்தம் இரண்டு நொடி. வலியை விட அவமானமாக இருந்தது, ஏனென்று இன்றுவரை தெரியவில்லை. குனிந்து பார்த்தால் லெக்கிங்ஸில் சின்னதாக இரண்டு ஓட்டை. துணியை விலக்கினால் பல் இறங்கிய இரண்டு புள்ளி, பக்கத்தில் ஒரு நீளக் கீறல், ரத்தம் மெதுவாக வந்துகொண்டிருந்தது.

நம் ஊரிலும் மழைக்குப் பின் நாய்கள் சினைப்பட்டு, குளிர்காலத்தில் குட்டி போடுவதுதான் வழக்கம். அதனால் கார்த்திகை முதல் மாசி வரை எந்த ஊரில் ஓடினாலும் குப்பைக் குவியல், கறிக்கடை, பாதி கட்டிய வீடு ஆகியவற்றைத் தள்ளியே போக வேண்டும். உள்ளூர்க்காரர்களிடம், முக்கியமாக இரவுக் காவலாளியிடமும் பால்காரரிடமும், "எந்த முனையில் நாய் அதிகம்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்குத்தான் தெரியும்.

கரையோரம் ஒரு தேநீர்க் கடை இருந்தது. கடைக்காரர் ஓடி வந்து பெஞ்சில் உட்கார வைத்தார். நல்ல மனிதர், ஆனால் அவர் முதலில் நீட்டியது மிளகாய்த்தூள் டப்பா. இன்னொருவர் மஞ்சள் என்றார். இரண்டையும் மறுத்துவிட்டுச் சோப்பு கேட்டேன். பாத்திரம் துலக்கும் சோப்பில் ஒரு துண்டைக் கொடுத்தார். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும் என்று எங்கோ படித்தது மனதில் இருந்தது. கையில் ஓட்டத்துக்குக் கட்டிய கடிகாரம், அதிலேயே ஸ்டாப்வாட்ச் வைத்தேன். 15 நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. நான்காவது நிமிடத்திலேயே கால் மரத்துவிட்டது, குழாய்த் தண்ணீர் அவ்வளவு குளிர். சுற்றி நின்றவர்கள் போதும் போதும் என்றார்கள். கடைக்காரர் மட்டும் எதுவும் சொல்லாமல் சோப்பு கரையக் கரைய இன்னொரு துண்டைக் கொடுத்துக்கொண்டிருந்தார். இந்தக் கழுவலை அலட்சியம் செய்ய வேண்டாம். வெறிநோய்க் கிருமி நரம்புக்குள் போவதற்கு முன்னால் காயத்திலேயே அதன் எண்ணிக்கையைக் குறைப்பது இதுதான், மருத்துவமனை இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் இதை நாமே செய்துகொள்ளலாம்.

அந்த நாய் தெரு நாய்தான், ஒன்றும் செய்யாது என்று கூட்டத்தில் ஒருவர் சமாதானம் சொன்னார். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும் என்பார்கள். சாயங்காலம் விமானம் ஏறுகிறவள் யாரை விட்டுக் கவனிக்கச் சொல்வது? எப்படியும் நம் நாட்டில் நாயைக் கவனித்துக்கொண்டே ஊசியையும் தொடங்கிவிட வேண்டும் என்பதுதான் முறை, காத்திருந்து பார்ப்பது இல்லை.

ஞாயிறு என்பதால் முதலில் திறந்திருந்த ஒரு தனியார் கிளினிக்குக்கு ஆட்டோவில் போனேன். அங்கே டெட்டனஸ் ஊசி ஒன்று, வெறிநாய்க்கடித் தடுப்பூசி முதல் தவணை ஒன்று, ஆன்டிபயாட்டிக் மாத்திரை. எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். "துணிக்கு மேல்தானே கடித்திருக்கிறது, கவலை வேண்டாம், ஊருக்குப் போய் அடுத்த தவணை போட்டுக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். நிம்மதியாக அறைக்கு வந்து பெட்டி கட்டினேன். கட்டிக்கொண்டே பெரியம்மா மகளுக்கு, அவள் செவிலியர், போன் செய்தேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "சீரம் போட்டாங்களாடி?" என்ன சீரம் என்றேன். "ரத்தம் வந்துச்சா இல்லையா, அத மட்டும் சொல்லு." வந்தது என்றேன். "அப்ப பெட்டிய அப்படியே வச்சிட்டுக் கிளம்புடி, புண்ணுக்குள்ள சீரம் போடணும். ஃபிளைட்ட அப்புறம் பாத்துக்கலாம்."

இதைத்தான் எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நாய் நக்கியது, தோல் கிழியவில்லை என்றால் ஊசி வேண்டாம், கழுவினால் போதும். ரத்தம் வராத சின்னச் சிராய்ப்பு என்றால் தடுப்பூசி மட்டும். பல் இறங்கி ரத்தம் வந்தால், ஒரே ஒரு புள்ளியாக இருந்தாலும், அது மூன்றாம் வகை. அதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புரதத்தையும் போட வேண்டும், பேச்சு வழக்கில் சீரம் என்கிறார்கள். தடுப்பூசி நம் உடம்பைத் தூண்டி எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காயத்திலேயே காவல் நிற்பது இந்தச் சீரம்தான். நடுவில் துணி இருந்ததா இல்லையா என்பது கணக்கே இல்லை, தோலில் ரத்தம் வந்ததா என்பதுதான் கணக்கு. நோய் அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை என்கிற வியாதியில் இந்த ஒரு ஊசியை விட்டுவிட்டு என்னை விமானம் ஏற்றப் பார்த்தார்கள் என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்துப் போனது ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. சீரம் இருக்கிறது என்றார்கள். மனித ரத்தத்திலிருந்து எடுப்பது, உடல் எடையில் கிலோவுக்கு 20 யூனிட். என் 61 கிலோவுக்கு மருந்து மட்டும் 30 ஆயிரத்தைத் தாண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். பார்த்ததற்குக் கட்டணம் 800. குதிரையிலிருந்து எடுக்கும் வகையும் உண்டு, அது கிலோவுக்கு 40 யூனிட், விலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், அதையும் முறையாகப் பயன்படுத்துகிறார்கள் என்று என் அக்கா போனிலேயே சொன்னாள். "அரசு ஆஸ்பத்திரிக்குப் போ, நாய்க்கடின்னு சொல்லு, அங்கதான் இருக்கும்." விமானத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம். தபோக் விமான நிலையம் ஊருக்கு வெளியே இருபது கிலோமீட்டருக்கு மேல். ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு ஐந்து நிமிடம் அழுதேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, வண்டியை அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை புறநோயாளிப் பிரிவு பூட்டியிருந்தால் திரும்பிவிட வேண்டாம், அவசரப் பிரிவில் நாய்க்கடியைப் பார்ப்பார்கள். "குத்தே நே காட்டா" என்றதும் சீட்டு எழுதுகிறவர் எந்த அறை என்று கையைக் காட்டினார். வரிசையில் எனக்கு முன்னால் முகத்தில் கடிபட்ட ஒரு சின்னப் பையன். அவன் கூட அவன் பாட்டி. அவனைப் பார்த்த பிறகு எனக்கு என் காலைக் காட்டவே கூச்சமாக இருந்தது. தோலில் ஒரு துளி போட்டு ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்த்தார்கள், அப்புறம் சீரம். கையில் போடும் ஊசி மாதிரி இல்லை. பல் பதிந்த ஓட்டைக்குள்ளேயே ஊசியை இறக்கி, கொஞ்சம் மருந்து விட்டு, வெளியே எடுக்காமல் திசையை மாற்றி மறுபடி கொஞ்சம், இப்படிக் காயத்தைச் சுற்றி நாலு பக்கமும். கெண்டைக்கால் கண் முன்னாலேயே வீங்கி இறுகியது. பெஞ்சின் இரும்பு விளிம்பைப் பிடித்திருந்த என் கையில் துரு ஒட்டியிருந்தது. காயத்தைத் தைக்கவோ இறுக்கிக் கட்டவோ இல்லை, அப்படித் திறந்தே விட வேண்டுமாம். மருந்துக்குக் காசு வாங்கவில்லை. அரை மணி நேரம் உட்காரச் சொன்னார்கள், அதற்குள் விமானம் போய்விட்டது.

உங்களுக்கு இப்படி நேர்ந்து, அந்த ஊரில் சீரமே கிடைக்கவில்லை என்றால் பதற வேண்டாம். தடுப்பூசி முதல் தவணையை உடனே போட்டுக்கொண்டு, சீரத்தை அன்றிலிருந்து ஏழு நாளுக்குள் எங்கே கிடைக்கிறதோ அங்கே போட்டுக்கொள்ளலாம். சீக்கிரம் போடுவது நல்லது, ஏழு நாள் கடந்தால் பயனில்லை.

செலவுக் கணக்கு: மறுநாள் டிக்கெட் 12,600, விடுதியில் கூடுதல் இரவு 2,400, ஆட்டோக்கள் 700, இரண்டு தனியார் இடங்களில் 2,650, ஊருக்கு வந்து மிச்சத் தவணைகளுக்கு 1,500க்குப் பக்கம். ஏறக்குறைய 20 ஆயிரம். பழைய டிக்கெட்டில் திரும்பி வந்தது விமான நிலையக் கட்டணம் மட்டும், அதை இதில் சேர்க்கவில்லை. பெரும் பணம் டிக்கெட்டில் போனது, உயிர் காத்த மருந்து இலவசம். என் மருத்துவக் காப்பீட்டில் ஒரு பைசா வரவில்லை, படுக்கையில் சேர்ந்தால்தான் தருவார்களாம்.

தவணைக் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. கையின் தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து தவணை. முதல் ஊசி போட்ட நாள் பூஜ்யம், ஒன்று இல்லை. எனக்கு ஞாயிறு பூஜ்யம் என்பதால் அடுத்தது புதன், மீதி மூன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் விழுந்தன. கிளினிக் எல்லாம் பூட்டியிருக்கும் நாள். இருபத்து நாலு மணி நேர மருத்துவமனை ஒன்றை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டேன். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் இரண்டு கையிலும் போடும் முறை உண்டு, அதற்கு 0, 3, 7, 28. எந்த முறையில் தொடங்கினார்கள் என்பதைச் சீட்டில் எழுதி வாங்காமல் ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள். மருந்தை வெளியே வாங்கிக் கொண்டுபோனால் ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்துக் கொண்டுபோங்கள், அது குளிரிலேயே இருக்க வேண்டிய மருந்து. புட்டத்தில் போட யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள், பெரியவர்களுக்கு மேல்கைதான்.

ஊசியை விட அந்த ஒரு மாதம்தான் கஷ்டம். அறிகுறி தெரிய மாதக்கணக்கில்கூட ஆகலாம் என்று படித்துவிட்டேன். இரவு ஒரு மணிக்கு எழுந்து அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துப் பார்ப்பேன், தொண்டை இழுக்கிறதா என்று. தாராளமாக இறங்கும். ஒரு வாரத்துக்கு மேல் இப்படி நடந்த பிறகு வீட்டுக்காரர் கண்டுபிடித்தார். "அந்த அக்காகிட்டயே பேசு, நெட்டுல தேடாத" என்றார். அதுவே சரியான யோசனையாக இருந்தது. நேரத்தோடு கழுவி, சீரமும் எல்லாத் தவணையும் போட்டவர்களுக்கு நோய் வருவது மிக மிக அரிது. அவள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லத்தான் தூக்கம் வந்தது. தனியாக உட்கார்ந்து பயப்படாதீர்கள், யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

இப்போது வெளியூரில் ஓடப் போனால் இடுப்புப் பையில் ஒரு சின்னச் சோப்புத் துண்டு, ஐநூறு ரூபாய், ஆதார் நகல். காதில் பாட்டு இல்லை. அடிக்கடி இப்படி ஊர் சுற்றி ஓடுகிறவர்கள், மலையேறுகிறவர்கள், கடி வாங்குவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், மருத்துவரிடம் கேளுங்கள். முழுத் தவணையும் முடித்தவர்களை இன்னொரு முறை நாய் கடித்தால் சீரம் வேண்டியதில்லை, 0, 3 என்று இரண்டு ஊசியோடு முடிந்துவிடும். ஆனால் முன்பு போட்டதற்கு அத்தாட்சி கேட்பார்கள். அந்தச் சீட்டைப் படம் எடுத்து போனிலும் வைத்துக்கொள்ளுங்கள், தாளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது பாஸ்போர்ட் உறைக்குள் இருக்கிறது.